மண் பக்கியை மாற்றுவதா, கார்ப்பெட் பக்கி வாங்குவதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற எஸ்டேட் டவுன்களில் ஆர்சி பக்கி (ரிமோட்டில் ஓடும் சிறு பந்தய வண்டி) ஓட்டுபவர்களுக்கு மழைதான் எதிரி. செம்பனை லாரிப் பாதை ஓரத்தில் மண்வெட்டியால் செதுக்கி, மேடு கட்டி, தண்ணீர்க் குழாய் போட்டுத் தடம் பிரித்து வைத்திருப்பார்கள். பிற்பகலில் ஒரு மழை இறங்கினால் செம்மண் சவர்க்காரமாகிவிடும். மறுநாள் வெயில் ஏறும்வரை வண்டியை இறக்க முடியாது. அதனால்தான் பலரும் டேவானுக்குள் (பொது மண்டபத்துக்குள்) கார்ப்பெட் விரித்து ஓட்டப் பார்க்கிறார்கள். பூப்பந்துக் கூடமோ, ஃபுட்சால் கூரையோ, எந்த மூடிய இடமும் போதும்.

அங்கே போனதும் ஒரு கேள்வி வந்து நிற்கும். கையில் இருக்கும் மண் பக்கியையே மாற்றிக்கொள்வதா? கார்ப்பெட்டுக்கென்றே செய்த 2 சக்கர இழுவை வண்டியை வாங்குவதா? அல்லது 4 சக்கர இழுவைக்குப் போய்விடுவதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எண்ணெய் ஷாக்கும், முறுக்கி நீட்டக்கூடிய கேம்பர் லிங்க்கும் (சக்கரத்தின் சாய்வை மாற்றும் கம்பி), கியர் டிஃப் (வளைவில் இடது வலது சக்கரங்களை வேறு வேகத்தில் சுழல விடும் பாகம்) போடும் வசதியும் உள்ள 1/10 அளவுப் பக்கி ஏற்கெனவே இருந்தால் மாற்றுவதுதான் சரி. குறைந்தது 3 மாதம் அதில் ஓட்டிப் பாருங்கள். ஒன்றுமே இல்லாமல் புதிதாக வருபவர், மண்ணில் ஓட்டும் எண்ணமும் இல்லாதவர் என்றால், பழையதாகக் கிடைத்தாலும், மோட்டாரைத் தாழ்வாக வைக்கும் படுக்கை கியர்பாக்ஸ் வைத்த கார்ப்பெட் வண்டியைத் தேடுங்கள். 4 சக்கர இழுவையைப் பற்றிப் பிறகு வருவோம். அது நல்ல வண்டி. ஆனால் அதற்கு ஆள் துணை வேண்டும்.

பிடி குறைவு அல்ல, பிடி அதிகம்

இந்தப் பக்கிகள் மண்ணுக்காகப் பிறந்தவை. தமியாவின் சாண்ட் ஸ்கார்ச்சர் 1979இலும், அசோசியேட்டட் ஆர்சி10 1984இலும் வந்தபோது எல்லாருக்கும் ஒரே கவலை: தளர்ந்த மண்ணில் டயர் வழுக்காமல் எப்படிப் பிடிக்க வைப்பது? மண் பக்கியின் நீண்ட ஷாக், மென்மையான ஸ்பிரிங், உயர்ந்த வயிறு, பின்னால் சாயும் எடை எல்லாமே அந்தக் கவலைக்கான பதில்கள்.

கார்ப்பெட்டில் கவலை தலைகீழாகிவிடுகிறது. முள் டயர் கார்ப்பெட் நாரில் ஊன்றிக்கொள்ளும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் கொஞ்சமும் வழுக்காது. வழுக்க வேண்டிய விசை வேறு வழியில்லாமல் வண்டியை உருட்டிக் கவிழ்த்துவிடும். இதற்குக் கிரிப் ரோல் என்று பெயர். மண்ணில் நன்றாக ஓடிய வண்டி முதல் வளைவிலேயே கூரை தரையில் படக் கிடப்பது இதனால்தான். புதிதாக வருபவர் பெரும்பாலும் ஓட்டத் தெரியவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார். தவறு கையில் இல்லை, செட்டப்பில் இருக்கிறது.

ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு தேர்வையும் ஒரே கேள்வியால் அளந்து பாருங்கள்: இது முன் டயரின் மிதமிஞ்சிய பிடியை எப்படிச் சமாளிக்கிறது?

இன்னொன்று. நம் டேவான்களில் கார்ப்பெட் நிரந்தரமாகக் கிடப்பதில்லை. காலையில் கோத்தோங் ரோயோங்காக (எல்லாரும் கைகொடுத்து) விரித்து மாலையில் சுருட்டுகிறோம். கண்காட்சிக்கு விரிக்கும் மெல்லிய கார்ப்பெட் 2 மீட்டர் அகலச் சுருளில் வரும் என்றால், 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட தடத்துக்கு 24 மீட்டர் நீளத்தில் 6 பட்டைகள் வேண்டும். விரித்த உடனே அதில் தூசி இருக்கும், பிடி குறைவாக இருக்கும். வண்டிகள் ஓட ஓடத் தூசி போய், ரப்பர் படிந்து, மாலை இறுதிச் சுற்றுக்குள் பிடி வெகுவாக ஏறிவிடும். காலையில் சரியாக ஓடிய வண்டி மாலையில் கவிழ்வது சாதாரணம். எனவே செட்டப்பை மாலைக்குச் செய்யுங்கள். காலையில் வண்டி வளைவில் சரியாகத் திரும்பாமல் கொஞ்சம் முன்பக்கம் தள்ளினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி: இருப்பதை மாற்றுவது

பணம் செலவாகும் வரிசையில் அல்ல, பலன் தரும் வரிசையில் செய்யுங்கள். முதலில் டயர். மற்ற எதை மாற்றினாலும் டயர் தவறாக இருந்தால் வீண்.

மண்ணுக்கான பெரிய கட்டை டயரைக் கார்ப்பெட்டில் போடாதீர்கள். கட்டைகள் மடங்கி நிமிரும்போது வண்டி தள்ளாடும், டயரும் ஒரே நாளில் மழுங்கும். பின்னுக்கு நெருக்கமான சின்ன முள் டயர் வேண்டும். ஷூமாக்கரின் மினி பின் பல இடங்களில் அளவுகோலாகவே இருக்கிறது, ஜேகான்செப்ட்ஸின் பின் டவுன்ஸும் அதே வேலையைச் செய்யும். 2 சக்கர இழுவையின் முன்னுக்குக் கட் ஸ்டாகர், ஸ்வாகர் போன்ற ஒடுக்கமான டயர்கள். காம்பவுண்டுக்கு (ரப்பர் வகைக்கு) ஷூமாக்கரில் மஞ்சள், ஜேகான்செப்ட்ஸில் பிங்க் என்று தொடங்கலாம். நிறத்தின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒருவருடைய நீலம் இன்னொருவருடைய நீலம் ஆகாது.

உள்ளே போடும் ஃபோம் மூடிய செல் வகையாக இருக்கட்டும். மண் டயரோடு வரும் திறந்த செல் ஃபோம் கார்ப்பெட் வளைவில் நசுங்கி, டயரின் பக்கச் சுவர் மடங்க இடம் கொடுக்கும். மடங்கிய சுவர் கார்ப்பெட்டைக் கடிக்கும். அந்தக் கடியில்தான் பாதிக் கவிழ்ப்பு நடக்கிறது.

அதைத் தடுக்க ஒரு சின்ன வேலை போதும்: முன் டயரின் வெளிப் பக்கச் சுவருக்குச் சூப்பர் குளூ பூசுவது. ஒரு குழாய்ப் பசையில் நடக்கும் இந்த வேலைக்கு நிகரான பலன் தரும் பாகம் கடையில் கிடையாது. டயரை ஐசோபுரொப்பில் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உலர விடுங்கள். நீர்த்த பசையை வளையத்தின் விளிம்பிலிருந்து மேல்நோக்கிப் பூசி, கடைசி முள் வரிசைக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் முன்னால் நிறுத்துங்கள். 10 நிமிடம் விட்டு இன்னொரு பூச்சு. காய்ந்த சுவர் கார்ப்பெட்டில் பட்டால் கடிக்காமல் சறுக்கும். முள்மேல் பசை ஏறினால் அந்த முள் கண்ணாடி போல் ஆகி, காலை நேரப் பிடியே போய்விடும். அவசரம் வேண்டாம். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். 3, 4 ஓட்டத்தில் பூச்சு விரிசல் விடும், அப்போது மறுபடி பூச வேண்டும். அதற்குப் பிறகும் கவிழ்ந்தால் முன் டயரின் வெளி ஓர முள் வரிசையைச் சின்னக் கத்தரியால் வெட்டிவிடலாம். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் இது இரண்டாம் படி.

அடுத்தது ரைட் ஹைட், அதாவது தரையிலிருந்து வண்டியின் வயிறு நிற்கும் உயரம். இதற்குச் செலவே இல்லை. மண்ணில் 22 முதல் 24 மில்லிமீட்டர் வைத்திருப்பீர்கள். கார்ப்பெட்டுக்கு முன்னும் பின்னும் 19இல் தொடங்குங்கள். பேட்டரியும் பாடியும் போட்டு, வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து சமதளத்தில் விழவிட்டு, ஒருமுறை அழுத்தி விட்டபின் அளக்க வேண்டும். வெறும் சேஸியை அளந்தால் எண் பொய் சொல்லும். ஷாக்கின் காலரைத் திருகிக் குறைக்கும்போது இடது வலது ஒரே அளவில் இருக்கட்டும். 18க்குக் கீழே போனால் பிளைவுட் மேட்டில் இறங்கும்போது வயிறு தட்டி வண்டி எகிறும்.

ஷாக் எண்ணெயில் ஒரு குழப்பம் எல்லாரையும் பிடிக்கும். போத்தலில் உள்ள டபிள்யூடி எண் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. செட்டப் தாளை ஒப்பிடும்போது சிஎஸ்டி (எண்ணெயின் பிசுபிசுப்பு அளவு) எண்ணையே பாருங்கள். அசோசியேட்டட் எண்ணெயில் 30 என்பது 350 சிஎஸ்டி, 35 என்பது 425, 40 என்பது 500. கார்ப்பெட்டுக்கு முன் 500, பின் 425 என்று தொடங்கலாம். ஐரோப்பிய ஓட்டுநர்களின் தாளை அப்படியே காப்பியடிக்காதீர்கள். அவர்கள் குளிர்கால மண்டபத்தில் ஓட்டுகிறார்கள். நம் டேவானில் விசிறி மட்டும் சுற்றும், பகலில் 32 பாகை இருக்கும். வெப்பத்தில் எண்ணெய் இளகும். அவர்கள் எழுதியதைவிட 50 முதல் 75 சிஎஸ்டி கூட்டிப் போடுங்கள்.

ஸ்பிரிங்கை மண்ணுக்கு இருந்ததைவிட ஒரு படியாவது கடினமாக்குங்கள், முக்கியமாக முன்னால். முன்பக்கம் மெதுவாகச் சாய்ந்தால்தான் முன் டயர் திடீரென்று கடிக்காது. இதையே ஆன்டி ரோல் பாரும் (இடது வலது சஸ்பென்ஷனை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) செய்யும். 1.2 மில்லிமீட்டர் கம்பி நல்ல தொடக்கம். பார் சிக்காமல் சுழல்கிறதா என்று ஷாக்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அதன் இணைப்பு இறுகியிருந்தால் வண்டி இடப்பக்கம் ஒருமாதிரியும் வலப்பக்கம் ஒருமாதிரியும் திரும்பும். அப்புறம் காரணம் தெரியாமல் நாள் முழுக்கக் கேம்பரைத் திருகிக்கொண்டிருப்பீர்கள்.

கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) முன் மைனஸ் 1 பாகை, பின் மைனஸ் 1 முதல் 1.5. பின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் நோக்கும் திசை) உள்நோக்கி 3 பாகை, முன் டோ சுழியம் அல்லது 1 பாகை வெளிநோக்கி. கேம்பர் லிங்க்கின் உள்முனைப் பால் ஸ்டட்டுக்கு (உருண்டைத் தலைத் திருகு) கீழே 1 மில்லிமீட்டர் வாஷர் கூட்டினால், வண்டி சாயும்போது கேம்பர் கூடுவது குறைந்து ஓட்டம் மென்மையாகும். அதிகப் பிடியில் இது வேண்டியதுதான். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது.

இத்தனையும் செய்தபிறகும் சில மண் வண்டிகள் ஓர் எல்லையில் நின்றுவிடும். மோட்டாரும் கியர்பாக்ஸும் நிமிர்ந்து நிற்கும் வண்டிகளில் எடை உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தை ஸ்பிரிங்கால் மறைக்கலாம், அகற்ற முடியாது. முன் அடிப்பக்கத்தில் 20 முதல் 30 கிராம் பித்தளைத் தகடு வைத்தால் எடை கீழே இறங்கும், முன்னும் அமரும். அதற்கு மேல் என்ன செய்தாலும் நிமிர்ந்த கியர்பாக்ஸ் நிமிர்ந்தேதான் நிற்கும்.

இரண்டாம் வழி: கார்ப்பெட்டுக்கென்றே செய்தது

பெரிய நிறுவனங்கள் ஒரே வண்டியை இரண்டு வடிவில் விற்பது இந்த எல்லையை உணர்ந்துதான். எக்ஸ்ரே எக்ஸ்பி2இல் சி கார்ப்பெட்டுக்கு, டி மண்ணுக்கு. டிஎல்ஆர் 22 5.0இல் ஏசி, டிசி. யோகோமோ ஒய்இசட்-2இல் சிஏஎல், டிடிஎம். அசோசியேட்டட் பி6.4இல் மண் வடிவுக்கு டி. பழைய வண்டி வாங்கும்போது இந்தக் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். விற்பவர் பி6 என்று மட்டும் சொல்லிவிடுவார். டி வடிவை வாங்கிக்கொண்டு கார்ப்பெட்டில் திண்டாடுபவர்கள் உண்டு.

கார்ப்பெட் வடிவில் கியர்பாக்ஸ் படுத்திருக்கும். மோட்டார் தாழ்ந்து, வண்டியின் நடுப்பக்கம் தள்ளி இருக்கும். இரண்டு பலன். எடை தாழ்வதால் கவிழ்வது குறைகிறது. எடை முன்னால் நகர்வதால், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மூக்கு தூக்காமல் ஸ்டீயரிங் வேலை செய்கிறது. பிடி அதிகமான கார்ப்பெட்டில் நிமிர்ந்த கியர்பாக்ஸ் வண்டி வளைவை விட்டு வெளியேறும்போது முன் சக்கரத்தைத் தூக்கிவிடும். தூக்கிய சக்கரம் எங்கே திரும்பும்?

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே படுக்கை வண்டியை ஈரம் காய்ந்த எஸ்டேட் மண்ணில் இறக்கினால் பின் சக்கரத்தில் எடை போதாமல் சுழன்றுகொண்டே இருக்கும். ஞாயிறு காலை மண்ணிலும் மாலை டேவானிலும் ஓட்ட நினைப்பவருக்கு இது ஏற்ற வண்டி அல்ல. விலையும் பார்க்க வேண்டும். இந்த வரிசை வண்டிகள் மோட்டார், ரேடியோ இல்லாமலே ஆயிரம் வெள்ளிக்கு மேல் போகும். அதே பணத்தில் மண் பக்கிக்கு இரண்டு செட் டயர், கியர் டிஃப், ஸ்பிரிங், எண்ணெய் எல்லாம் வாங்கியும் மிச்சம் இருக்கும்.

எந்த நிறுவனம் என்பதைவிட, எந்த வண்டிக்கு முன் ஆர்ம் (முன் சக்கரத்தைத் தாங்கும் கை) உங்கள் கைக்குச் சீக்கிரம் வரும் என்பதைப் பாருங்கள். கார்ப்பெட்டில் வண்டி வழுக்காது என்பதால் ஓரக் குழாயில் மோதினால் முழு வேகத்தோடு மோதும். முன் ஆர்ம், ஸ்டீயரிங் பால் கப், முன் ஆக்ஸில் இவைதான் உடையும். ஈப்போவுக்கு முப்பது கிலோமீட்டர் போய்த் தேடினாலும், ஷோப்பி இணையக் கடையில் ஆர்டர் போட்டுக் காத்திருந்தாலும், அந்த வார ஓட்டம் போனது போனதுதான். டவுனில் நாலு பேர் ஒரே வண்டி வைத்திருந்தால் அந்த வண்டியையே வாங்குங்கள். பக்கத்து மேசையில் இருக்கும் உதிரி ஆர்முக்கு ஈடு எதுவும் இல்லை.

மூன்றாம் வழி: 4 சக்கர இழுவை

ஓட்டுவதற்கு இதுதான் எளிது. காலையில் கார்ப்பெட் தூசியாக இருக்கும்போதும் நேராக இழுக்கும், வளைவிலிருந்து முன் சக்கரமே வண்டியை வெளியே கூட்டிவரும். பழகும் பிள்ளைகளுக்கு நம்பிக்கை தரும்.

ஆனால் இரண்டு டிஃப், நான்கு டிரைவ் ஷாஃப்ட், நடுவே பெல்ட் அல்லது ஷாஃப்ட். பராமரிப்பு ஏறத்தாழ இருமடங்கு. முன் டயரும் இழுப்பதால் சீக்கிரம் தேயும். 2 சக்கர இழுவையின் முன் டயர் இதற்கு ஆகாது, அதனால் டயர்ப் பெட்டியும் தனி. இரண்டு வகை வண்டியையும் ஒரே ஓட்டத்தில் கலந்து விடுவது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. டவுனில் 5, 6 பேராவது 4 சக்கர வகுப்பு ஓட்டத் தயாராக இருந்தால் மட்டுமே வாங்குங்கள். அதைத்தான் மேலே ஆள் துணை என்றோம்.

தமியா டிடி-02பி போன்ற மலிவு ஷாஃப்ட் வண்டியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பள்ளி விடுமுறையில் தம்பி தங்கைகள் ஓட்டிப் பழக அது மிக நல்லது, அடி தாங்கும். பிளாஸ்டிக் தொட்டி சேஸியில் திருத்திக்கொள்ளும் இடங்கள் குறைவு என்பதால், பந்தயச் செட்டப் கற்றுக்கொள்ள அதில் வழி குறைவு.

டிஃப்: பால் வகையா, கியர் வகையா?

மண்ணிலிருந்து வருபவரின் 2 சக்கர வண்டியில் பெரும்பாலும் பால் டிஃப் இருக்கும். தளர்ந்த மண்ணிலும் குறைந்த சக்தியிலும் அது மென்மையானது, வெளியிலிருந்தே இறுக்கம் மாற்றலாம். கார்ப்பெட்டில் அதன் பலவீனம் தெரியவரும். டயர் வழுக்க மறுப்பதால் மோட்டாரின் முழு முறுக்கமும் டிஃபின் பந்துகள் மேல் விழுகிறது. லேசாக வழுக்கினாலே தட்டையான வளையத்தில் பள்ளம் விழும், பிறகு கையால் சுழற்றினால் மணல் அரைப்பது போல் இருக்கும். வாராவாரம் பிரித்துக் கட்ட மனமிருந்தால் பால் டிஃப் ஓடும். மற்றவர்கள் கியர் டிஃபுக்கு மாறுங்கள். இந்த ஒரு பாகத்துக்குச் செலவு செய்யத் தயங்க வேண்டாம்.

கியர் டிஃபில் 7,000 சிஎஸ்டி எண்ணெயில் தொடங்குங்கள். வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் தூக்கிச் சுழன்று சக்தி வீணானால் 10,000. வண்டி வளைவுக்குள் நுழையவே மறுத்து நேராகத் தள்ளினால் 5,000. 4 சக்கர இழுவையில் முன் 10,000, பின் 7,000 என்று முன்னைக் கனமாக வைத்தால் பின் பக்கம் அமைதியாக இருக்கும்.

எண்ணெய் ஊற்றும்போது உள் கியர்களின் குறுக்குக் கம்பி மூழ்கும் அளவுக்கு ஊற்றி, குமிழி வெளியேற அரைமணி நேரம் விட்டு, குறைந்ததை நிரப்பி மூடுங்கள். விளிம்புவரை நிரப்பினால் சூட்டில் விரிந்து ஓ-ரிங் வழியாகக் கசியும். ஓ-ரிங்கில் கிரீஸ் தடவாமல் கட்டினால் இரண்டே ஓட்டத்தில் கிழியும். சிறு எலக்ட்ரானிக் தராசு இருந்தால் நிரப்பிய எடையை எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே எடைக்கு ஊற்றினால் வண்டி அதே வண்டியாக இருக்கும்.

மோட்டார்: 17.5, 13.5, அல்லது மாடிஃபைடு

இந்த எண்கள் மோட்டார் கம்பிச் சுருளின் சுற்றுகள்; எண் குறையக் குறையச் சக்தி கூடும், மாடிஃபைடு என்பது இன்னும் குறைந்த சுற்றுள்ள மோட்டார். டேவான் அளவுத் தடத்துக்கு 17.5 போதும். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. நான்கு பூப்பந்து மைதானம் கொள்ளும் கூடத்தில் நீண்ட நேர்ப்பாதையே 20 மீட்டர்தான் வரும். அதில் 7.5 மோட்டாரின் சக்தியைத் திறக்குமுன் வளைவு வந்துவிடும். அதிகச் சக்தி கிரிப் ரோலையும் கூட்டும், டயரையும் தின்னும். 13.5ஐ ஓராண்டு ஓட்டியவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கியர் கணக்கு எளிது: ஸ்பர் (பெரிய பல்சக்கரம்) பல்லைப் பினியன் (மோட்டாரில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்) பல்லால் வகுத்து, கியர்பாக்ஸின் உள் விகிதத்தால் பெருக்குங்கள். உள் விகிதம் 2.6 உள்ள வண்டியில் 72 ஸ்பரும் 27 பினியனும் போட்டால் 6.93 வரும். 25 பினியன் போட்டால் 7.49. சின்னத் தடத்தில் 17.5க்கு இந்த இரண்டுக்கும் நடுவே இருங்கள். 13.5க்கு 72, 23 என்றால் 8.14. நம் வெப்பத்தில் சிறிய பினியனில் தொடங்கி, 5 நிமிடம் ஓட்டி, மோட்டாரின் சூட்டை அளந்து பாருங்கள். 70 பாகைக்குக் கீழே இருந்தால் ஒரு பல் கூட்டலாம். தாண்டினால் குறைத்தே ஆக வேண்டும். சூடேறிய மோட்டாரின் காந்தம் பலம் இழக்கும், அது திரும்பி வராது.

ஸ்பருக்கும் பினியனுக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதம் மடிப்பு விழாமல் சுருண்டு வெளிவரும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். இறுக்கினால் சூடு, தளர்த்தினால் பல் கொட்டும். 17.5இல் ஸ்லிப்பர் கிளட்சை (திடீர் முறுக்கத்தில் வழுக்கிக் கொடுக்கும் பாகம்) இறுக்கிப் பூட்டியே ஓட்டலாம், மாடிஃபைடில் அப்படிச் செய்தால் டிஃப் பாதிக்கும்.

பேட்டரி 7.4 வோல்ட் ஷார்ட்டி லைப்போ (குட்டை வடிவ லித்தியம் பாலிமர்). வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் அதை விடாதீர்கள். ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிடுங்கள். முழுச் சார்ஜில் ஒரு வாரம் கிடந்தால் உப்பிப்போகும்.

டேவானில் பார்க்க வேண்டியவை

டயர் சாஸ் (பிடியைக் கூட்ட டயரில் பூசும் திரவம்) விஷயத்தைக் கூடத்தின் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வாடை அடிக்கும் சாஸ், மறுநாள் பூப்பந்து ஆடுபவர்களுக்கும் கல்யாண வீட்டாருக்கும் தொல்லை. வாடையில்லாத வகையைக்கூடச் சில இடங்களில் தடுப்பார்கள். சாஸ் இல்லாமலே எல்லாரும் ஓட்டுவதுதான் சிறு டவுனுக்கு நல்லது. செலவும் குறையும், பிடியும் அளவோடு இருக்கும். ஓட்டத்துக்கு முன் டயரைத் துடைத்துத் தூசி எடுத்தாலே போதும்.

கார்ப்பெட் பட்டைகளின் இணைப்பை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டும்போது, வண்டி வரும் திசையில் விளிம்பு நிமிர்ந்து நிற்காதபடி பாருங்கள். நிமிர்ந்த விளிம்பில் முன் டயர் தட்டினால் எந்தச் செட்டப்பும் காப்பாற்றாது. இணைப்புகள் நேர்ப்பாதையில் வருமாறும் வளைவின் நடுவே வராமலும் தடத்தை அமைப்பது இன்னும் நல்லது. மேடுகளைப் பிளைவுட்டில் செய்து அதன்மேலும் கார்ப்பெட் ஒட்டுங்கள். வெறும் பலகையில் டயர் பிடி திடீரென்று மாறும்.

பிளைவுட் மேட்டில் இறங்கும்போது வண்டி துள்ளினால் எண்ணெயை மட்டும் குறை சொல்லாதீர்கள், பிஸ்டனின் துளையையும் பாருங்கள். சின்னத் துளை வேகமாக அழுத்தும்போது அடைத்துக்கொண்டு வண்டியைத் தாங்கும். ஆனால் இணைப்புத் தையல் போன்ற சிறு மேடுகளில் வண்டியைத் தட்டும். பெரிய துளையும் கனமான எண்ணெயும் சேர்ந்தால் சிறு மேடுகளை விழுங்கும், பெரிய இறக்கத்தில் வயிறு தட்டும். சமமான தடத்துக்கு முன் 1.6 மில்லிமீட்டர் துளை இரண்டு, பின் 1.7 இரண்டு என்று தொடங்கி, வயிறு தட்டினால் எண்ணெயைக் கூட்டுங்கள்.

கார்ப்பெட் நார், மண்ணைவிடக் கள்ளத்தனமானது. மண் கண்ணுக்குத் தெரியும், தட்டினால் உதிரும். நார் முன் சக்கர ஆக்ஸிலில், ஹெக்ஸுக்கும் (சக்கரம் மாட்டும் அறுகோணத் துண்டு) பேரிங்குக்கும் நடுவே நூல் கண்டாய்ச் சுற்றிக்கொள்ளும். பேரிங்கின் மூடியைத் தள்ளி உள்ளே புகும். வண்டி காரணமில்லாமல் ஒருபக்கம் இழுத்தாலோ மோட்டார் வழக்கத்தைவிடச் சூடானாலோ முதலில் அங்கே பாருங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் சக்கரத்தைக் கழற்றி, இடுக்கியால் நாரை இழுத்தெடுத்து, பேரிங்கை விரலால் சுழற்றிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஸ்பர் மூடியின் உள்ளேயும் ஒரு பார்வை.

மாற்றம் போதுமா, வண்டியே மாற வேண்டுமா என்று முடிவெடுக்க ஒரு சோதனை உண்டு. மாலையில் பிடி ஏறிய கார்ப்பெட்டில், புதிதாகப் பசை பூசிய முன் டயரோடு, 19 மில்லிமீட்டர் உயரத்தில், 17.5 மோட்டாரில் 5 நிமிடம் ஓட்டுங்கள். ஒருமுறைகூடக் கவிழாமல், சுற்றுக்குச் சுற்று நேரம் ஒத்து வந்தால் உங்கள் மண் பக்கிக்கு இன்னும் நிறைய ஆயுள் இருக்கிறது. முன் ஸ்பிரிங்கையும் கடினமாக்கி, பித்தளையும் வைத்து, ஓர முள்ளையும் வெட்டியபிறகும் அதே வளைவில் வண்டி படுத்தால், பழையதாய் விற்பவர்களிடம் சி என்றும் ஏசி என்றும் முடியும் வண்டிகளை விசாரிக்கத் தொடங்கலாம். மண் பக்கியை விற்காதீர்கள். மழையில்லாத ஞாயிறு வரும்.